மதில் காசு
குழு: அம்மம்மா வளவு, ஆரையம்பதி

அம்மா: ரமணன், மேசன் வந்து நிற்கிறார். மதிலுக்கு அனுப்புகிறேன் என்ற காசு எங்கே மனே?

ரமணன் (டொரொண்டோ): கொஞ்சம் பொறுங்கள் அம்மா. அது என்விடியா பங்கில் கிடக்கிறது. இப்போது எடுத்தால் நட்டம்.

அம்மா: அது என்ன வங்கி?

சுதா மச்சாள்: வங்கி இல்லை மாமி. ஏஐ என்கிற செயற்கை நுண்ணறிவை ஓட்டும் கொம்பியூட்டர் சிப் கம்பனி 😀 சிப்பை வரைந்து கொடுப்பது அவர்கள், செய்வது தைவானின் டிஎஸ்எம்சி கம்பனி.

பெரிய மாமா: எப்போது வாங்கினாய் மருமகன்?

ரமணன்: 2025 ஒக்டோபர் கடைசியில். கம்பனி 5 ட்ரில்லியன் டொலர் பெறுமதியைத் தொட்ட வாரம்.

பெரிய மாமா: ஊரே பேசிய பிறகு வாங்கியிருக்கிறாய். சரி.

ரமணன்: சும்மா ஊதிய பலூன் இல்லை மாமா. 2023 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் விற்பனை 27 பில்லியன் டொலர். இரண்டே வருடத்தில் 130 பில்லியன். லாபமும் கையில் வந்த லாபம்.

பெரிய மாமா: விற்பனை மெய்தான், மறுக்கவில்லை. வாங்குகிறவனுக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்றுதான் கேட்கிறேன். சாட்ஜிபிடி செய்த ஓப்பன் ஏஐ, என்விடியாவின் சிப்பை நம்பி ஓடுகிற கம்பனி. அதிலேயே 100 பில்லியன் டொலர் வரை முதலிடப் போகிறோம் என்று 2025 செப்டெம்பரில் அறிவித்தார்கள். அன்றைக்கு இருந்ததும் விருப்பக் கடிதம்தான், முடிந்த ஒப்பந்தம் இல்லை.

குமார் அத்தான்: எனக்கு விளங்கவில்லை மாமா.

பெரிய மாமா: உங்கள் நெல் வெட்டு மெசினையே எடுங்கள். படுவான்கரையில் ஒருவருக்கு நீங்களே காசு கொடுக்கிறீர்கள். அந்தக் காசில் அவர் உங்கள் மெசினைப் பிடிக்கிறார். உங்கள் கொப்பியில் வருமானம் ஏறுகிறது. வேளாண்மை விளைந்தால் எல்லாருக்கும் சரி. விளையாவிட்டால் போனது யாருடைய காசு?

குமார் அத்தான்: போன போகம் நான் பட்டதை ஏன் மாமா குழுவில் போடுகிறீர்கள்? இரண்டு பேர் இன்னும் தரவில்லை 🙈

சுதா மச்சாள்: அத்தான், மெசின் எத்தனை வருடம் ஓடும்?

குமார் அத்தான்: லீசிங் எடுக்கும்போது பத்து வருடம் என்பார்கள். ஐந்தாம் வருடமே பெல்ட், பேரிங் என்று காசைத் தின்னத் தொடங்கும்.

சுதா மச்சாள்: மைக்கேல் பரியின் சண்டையும் இதுதான். 2008 அமெரிக்க வீட்டுக் கடன் சரிவை முன்பே கண்டு காசு பார்த்தவர். சிப் வாங்கும் பெரிய கம்பனிகள் அதன் ஆயுளைக் கணக்கில் நீட்டி, வருடா வருடம் செலவாகக் கழிக்கும் தேய்மானத்தைக் குறைத்து, லாபத்தைக் கூட்டிக் காட்டுகின்றன என்கிறார். என்விடியா ஒத்துக்கொள்ளவில்லை, பழைய சிப்பும் வேலை செய்கிறது என்கிறது.

ரமணன்: மச்சாள், சிப் மட்டுமில்லை. அந்தச் சிப்பில் வேலை செய்ய கூடா (CUDA) என்ற மென்பொருளை 2006 முதல் கட்டி வருகிறார்கள். அதில் பழகியவன் வேறு சிப்புக்கு இலேசில் மாற மாட்டான்.

சுதா மச்சாள்: அது நல்ல பலம், ஓம். ஆனால் பெரிய வாடிக்கையாளர்களான கூகிளும் அமேசனும் சொந்தமாகவே சிப் செய்கின்றனவே.

குமார் அத்தான்: பெரிய வயல்காரப் போடியார் தானே ஒரு மெசின் வாங்கிவிட்டால் என் கதையும் அதுதான்.

பெரிய மாமா: 2025 ஜனவரி 27 நினைவிருக்கிறதா? சீனாவின் டீப்சீக் கம்பனி மலிவாக ஓர் ஏஐயைச் செய்துவிட்டது என்று கேள்விப்பட்டே என்விடியா பங்கு ஒரு நாளில் 17 வீதம் விழுந்தது. ஏறக்குறைய 590 பில்லியன் டொலர்.

ரமணன்: பிறகு ஏறியதுதானே மாமா!

பெரிய மாமா: ஏறியது. சிஸ்கோவும் இணையத்துக்குச் சாமான் விற்ற நல்ல கம்பனிதான், இன்றைக்கும் இருக்கிறது. 2000 மார்ச் உச்சத்தில் வாங்கியவன் அந்த விலையைத் திரும்பக் காண 25 வருடத்துக்கு மேல் பிடித்தது. உன் அம்மாவுக்கு வயது 68.

அம்மா: 67 அண்ணா.

அம்மா: நீங்கள் எல்லாரும் படித்தவர்கள், பேசுங்கள். விழுந்த மதில் பக்கத்தால் மாடு வந்து கத்தரிக் கன்று முழுவதையும் தின்றுவிட்டது.

ரமணன்: சரி அம்மா. திங்கட்கிழமை சந்தை திறந்ததும் பாதியை விற்று அனுப்புகிறேன்.

அம்மா: பாதி மதில் கட்டினால் மாடு மற்றப் பக்கத்தால் வரும் மனே.

குமார் அத்தான்: 😂😂

ரமணன்: முழு மதிலுக்கும் எவ்வளவு என்று மேசனிடம் கேட்டுச் சொல்லுங்கள் அத்தான்.