மறித்தவன் செத்தாலும் மறிப்புச் சாகாது

(மேஜிக் த கேதரிங் என்ற அட்டை விளையாட்டை ஆடும் மூவரின் பேச்சு. அவரவர் ஊர்ப்பெயரே அவரவர் பெயர்.)

வெள்ளவத்தை:

304 என்ற சீட்டாட்டம் ஆடும் வீட்டில் வளர்ந்தவன் நான். துரும்பை எப்போது திறப்பது என்று எட்டு வயதிலேயே பெரியவர்களோடு வாதாடியவன். அட்டை விளையாட்டில் எனக்கு எவரும் சட்டம் சொல்லித்தரத் தேவையில்லை என்ற திமிர் போன மாதம் வரை இருந்தது.

அக்கா வீட்டு நான்காம் மாடி, சனிக்கிழமை மாலை. மின்விசிறியை நிறுத்தினால் வியர்த்து ஊற்றுகிறது, போட்டால் அட்டைகள் பறக்கின்றன. ஒவ்வொரு குவியலின் மேலும் ஓர் ஐந்து ரூபாய்க் குற்றியை வைத்துக்கொண்டு மருமகனுடன் மேஜிக் த கேதரிங் ஆடிக்கொண்டிருந்தேன். உயிரி அட்டைகளால் தாக்கி எதிராளியின் உயிர்ப்புள்ளியைத் தீர்ப்பதுதான் ஆட்டம். 20 உயிர்ப்புள்ளியில் தொடங்கியவன் 5க்கு வந்துவிட்டான். என்னிடம் க்ரோ வேர்ம் என்ற உயிரி இருந்தது: தாக்கு 6, தாங்கு 4. அட்டையைச் சாய்த்துத் தாக்கினேன். அவன் லனோவார் எல்வ்ஸ் என்ற உயிரியை முன்னே தள்ளி மறித்தான். அது தாக்கும் 1, தாங்கும் 1 உள்ள நோஞ்சான். உடனே லைட்னிங் போல்ட் என்ற மந்திர அட்டையை வீசினேன். எல்வ்ஸ் சுடலைக்குப் போயிற்று.

"மறிக்க ஆளில்லை. ஆறு அடியும் உனக்குத்தான்" என்று எழும்பியே விட்டேன்.

"இல்லை மாமா. மறித்தது மறித்ததுதான்."

"யார் மறிக்கிறார்கள்? அதுதான் செத்துவிட்டதே!"

"எல்வ்ஸ்தான் செத்தது. மறிப்புச் சாகவில்லை."

குரல் உயர்ந்தது. சின்னப் பிள்ளையோடு என்ன சண்டை என்று அக்கா குசினியிலிருந்து கேட்டார். பதினான்கு வயது, சின்னப் பிள்ளையாம்! அவன் பேசாமல் கைப்பேசியில் விதிப் புத்தகத்தின் 509ஆம் பிரிவைத் திறந்து நீட்டினான். தாக்குவோரை அறிவிப்பது ஒரு படி, மறிப்போரை அறிவிப்பது அடுத்த படி, அடி விழுவது அதற்கும் பிறகு. மறிப்போரை அறிவித்த கணத்திலேயே தாக்கும் உயிரியின் மேல் 'மறிக்கப்பட்டது' என்ற முத்திரை விழுந்துவிடுகிறது. மறித்த உயிரி பிறகு செத்தாலும் அந்த முத்திரை அழியாது. மறித்தவனைத் தாண்டி மிச்ச அடியை ஆளுக்கே கொண்டுபோகும் ட்ரம்பிள் என்ற திறன் இல்லாத உயிரி, வெறும் தரையைப் பார்த்து நிற்க வேண்டியதுதான்.

அதே போல்ட்டை அவன் மறிக்குமுன் எறிந்திருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். அவனிடம் வேறு உயிரியே இருக்கவில்லை. ஒரு படி பிந்திவிட்டேன். இதில் இன்னொரு வயிற்றெரிச்சல், சாய்ந்து கிடக்கும் உயிரி மறிக்கவும் முடியாது. அவன் முறை வந்தபோது என் வேர்ம் சாய்ந்தபடியே கிடந்து வேடிக்கை பார்த்தது.

கொட்டாஞ்சேனை:

உங்கள் மருமகன் சொன்னது சரி. என் கதை இதைவிட மோசம். மறித்து நிற்கும் உயிரியை ஐசி மனிப்யுலேட்டர் என்ற அட்டையால் சாய்த்துவிட்டால் அது திருப்பி அடிக்காது என்று ஆண்டுக்கணக்காக நம்பினேன். சொல்லித்தந்த அண்ணன் இந்த ஆட்டம் 1993இல் வந்து சில ஆண்டுகளுக்குள் கற்றவர். அன்று அதுதான் விதி. இப்போது சாய்ந்த நிலையிலும் அது அடிக்கும். பம்பலப்பிட்டியில் ஒரு பையன் இதைச் சொன்னபோது அவனைப் பொய்யன் என்றே சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் அவனுக்கு ஃபலூடா வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இப்படித்தான், இருவர் சேர்ந்து ஒருவரை மறித்தால் யாருக்கு முதலில் அடி என்று வரிசை வைக்கும் விதி 2009இல் வந்தது. 2024 நவம்பரில் ஃபவுண்டேஷன்ஸ் என்ற புதிய அட்டைத் தொகுப்போடு அதுவும் போய்விட்டது. இப்போது தாக்குபவர் அடியை விரும்பியபடி பிரிக்கலாம். இன்றைக்கும் வரிசை கேட்பவர்களைக் காண்கிறேன். எனக்கு அவர்கள்மேல் கோபமே வருவதில்லை.

தெஹிவளை:

நான் யூ-கி-ஓ என்ற வேறோர் அட்டை விளையாட்டிலிருந்து வந்தவன். அங்கே எதிராளியின் உயிரியையே தாக்குவோம். முதல் ஆட்டத்திலேயே எதிராளியின் உயிரியைக் காட்டி "இதைத் தாக்குகிறேன்" என்றேன். மேசையே சிரித்தது. மேஜிக்கில் உயிரியைத் தாக்க முடியாது, பொதுவாக ஆட்டக்காரரைத்தான் தாக்குவது, எந்த உயிரியால் மறிப்பது என்பது அவர் பாடு என்று புரிய இரண்டு பிளேன்டீ ஆயிற்று.

வெள்ளவத்தை:

கொலோசல் ட்ரெட்மாவ் ஒன்றைத் தேடி வாங்கிவிட்டேன். தாக்கு 6, தாங்கு 6, ட்ரம்பிள் உண்டு. மறித்தவன் செத்தால் ஆறும் நேரே ஆளுக்கு விழும். சனிக்கிழமை வரை மருமகனிடம் யாரும் மூச்சு விடாதீர்கள்.