குட்டையில் 6000 கன மீட்டர், வயலோ மூன்று

2015 அக்டோபர். தென்னாப்பிரிக்காவில், ஸ்டேங்கருக்கு மேற்கே மாமனாரின் கரும்புத் தோட்டம், 12 ஹெக்டேர். 1904 முதல் உள்ள மழைக் கணக்கில் நாட்டுக்கே அதுதான் மிக வறண்ட வருஷம் என்று பிறகு சொன்னார்கள். எங்கள் குட்டையில் கிடந்தது சுமார் 6000 கன மீட்டர். ஒரு ஹெக்டேருக்கு 25 மில்லிமீட்டர் விட்டால் 250 கன மீட்டர் காலி. தோட்டம் முழுக்க இரண்டு சுற்று, அதோடு சேறுதான்.

மாமா எல்லா வயலுக்கும் சமமாக விடச் சொன்னார். எனக்கோ கடலூர்ப் பக்கம் வேளாண்மை படித்துவிட்டு வந்த திமிர். மவுண்ட் எட்ஜ்கோம்ப் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் உருவான கேன்குரோ, கரும்பு எப்படி வளரும், எவ்வளவு தண்ணீர் கேட்கும் என்று கணக்குப் போடும் மாடல்; டிஎஸ்எஸ்ஏடி என்ற பயிர் மென்பொருளில் இருக்கிறது. லேப்டாப்பில் ஏற்றி வெயில், மழை, மண், கரும்பின் வயது எல்லாம் கொடுத்தேன். மேல் வயலில் நாலு மாத மறுதாம்பு, அதாவது வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்த கரும்பு. ஒரு தண்ணீர் விட்டால் எட்டு நாள் தாங்கும் என்றது.

நாலாம் நாளே இலை சுருண்டது. மாமா ஒன்றும் சொல்லவில்லை, கடப்பாரையைக் கொண்டுவந்து கொடுத்தார். தோண்டினேன். சாம்பல் நிற மணல், கையில் பிடித்தால் உருண்டையாகவே நிற்காது. 45 சென்டிமீட்டரில் ‘டங்’கென்று பாறை. வேர் ஒரு மீட்டர் இறங்கும் என்று நான் கொடுத்திருந்தேன். மாடல் மேல் குற்றமில்லை, என் மேல்தான்.

ஆழத்தைத் திருத்தியதும் கணக்கே மாறியது. அந்த மண்ணில் 25 விட்டால் கொஞ்சம் பாறை மேல் வழிந்து வீண். 15 மில்லிமீட்டராக, நாலு நாளுக்கு ஒரு தடவை விடுவதுதான் சரி. நடு வயல் ஆழமான செம்மண். ஒரே ஒரு தண்ணீர் போதும். கீழ் வயல் பதினைந்து மாதக் கரும்பு, வெட்டப் போகிறது. அதற்குத் தண்ணீர் விட்டாலும் விளைச்சல் பெரிதாக ஏறாது, காயவிட்டால் சர்க்கரை கூடும்.

“மூணு பிள்ளை இருக்கிற வீட்ல ஒருத்தனைப் பட்டினி போடச் சொல்றீங்களே மாப்பிள்ளை” என்றார் மாமா. அப்புறம், “காய்ஞ்ச முத்தின கரும்புல எல்டானா ஏறும், அதை உங்க கம்ப்யூட்டர் சொல்லிச்சா?”

சொல்லவில்லை. எல்டானா தண்டு துளைக்கும் புழு, கேன்குரோவுக்கு அது தெரியாது. ஒரு தண்டைப் பிளந்து காட்டினார்: உள்ளே சிவந்த ஓட்டை, மரத்தூள் மாதிரி எச்சம். மில்லில் கெஞ்சி, டிசம்பரில் வெட்ட வேண்டியதை நவம்பரிலேயே வெட்டினோம். மேல் வயலுக்கு ஏழு தண்ணீர், நடு வயலுக்கு ஒன்று. மேல் வயல் தப்பித்தது. நடு வயல் கரும்பு கொஞ்சம் உயரம் குறைந்துதான் நின்றது.

பொங்கோலாவிலிருந்து ஒரு பதில்:
இங்கே 2000-களின் நடுவில் சிறு விவசாயிகளுக்கு இப்படி ஒரு மாடல் கணக்குப் போட்டு, எப்போது தண்ணீர் பாய்ச்சலாம், எப்போது நிறுத்தலாம் என்று எஸ்எம்எஸ்ஸில் சொன்னார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. வரைபடம் பார்க்கிற பொறுமை யாருக்கு இருக்கிறது? ஆனால் எங்கள் வாய்க்கால் முறை செவ்வாய்க்கிழமை. போன் வியாழக்கிழமை பாய்ச்சச் சொன்னால் என்ன செய்வது?

டோங்காட்டிலிருந்து ஒரு பதில்:
மழைமானியை உங்கள் வயலிலேயே வையுங்கள் அண்ணே. எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற நிலையத்து மழையை நம்பி, எங்கள் மேட்டில் விழாத 20 மில்லிமீட்டரைக் கணக்கில் சேர்த்து ஒரு வாரம் பம்பை நிறுத்தி வைத்தவன் நான்.