அமெரிக்காவில் எழுதும் லிவிங் டிரஸ்ட் மதுரைச் சொத்துக்கு ஒத்துவருமா?

கே.கே.நகர் அம்மா கேட்டது:

வணக்கம். என் மகள் கலிபோர்னியாவில் இருக்கிறாள். அவளும் மாப்பிள்ளையும் அங்கே லிவிங் டிரஸ்ட் எழுதிவிட்டார்களாம். வீட்டை டிரஸ்ட் பெயருக்கு மாற்றினாலும் உயிரோடு இருக்கும்வரை அவர்களே டிரஸ்டி (நிர்வகிப்பவர்), வேண்டாமென்றால் ரத்து செய்துகொள்ளலாம், காலத்துக்குப் பிறகு கோர்ட்டு வாசல் மிதிக்காமல் பிள்ளைக்குப் போய்விடுமாம். “நீயும் இதே மாதிரி எழுதிடும்மா” என்று ஞாயிற்றுக்கிழமை போனில் இதே பாட்டுதான்.

கே.கே.நகர் வீடு என் பெயரில். கீழமாசி வீதியில் இரண்டு கடை வாடகைக்கு விட்டிருக்கிறது. அவை என் வீட்டுக்காரர் பலசரக்கு வியாபாரத்தில் சம்பாதித்து வாங்கியவை, இன்னும் அவர் பெயரில்தான் இருக்கின்றன. அவர் 2019-ல் தவறிவிட்டார். உயில் எதுவும் இல்லை.

மகனுக்கு வயது 36. பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைவு. தானே குளிப்பான், சாப்பிடுவான், டிவி ரிமோட்டை யாருக்கும் தரமாட்டான். நூறு ரூபாய்க்குச் சில்லறை எண்ணத் தெரியாது. என் கவலையெல்லாம் அவன்தான். இந்த டிரஸ்டை மதுரையில் எழுத முடியுமா? எந்த ஆபீஸுக்குப் போக வேண்டும்?

திருநகர் டு சான்ஹோசே:

அம்மா, உங்கள் மகள் செய்தது அந்த ஊருக்குச் சரி. கலிபோர்னியாவில் உயில் மட்டும் வைத்துவிட்டு ஒருவர் போய்ச் சேர்ந்தால், பெரிய சொத்து என்றால், உயிலை உறுதிசெய்து சொத்தை வாரிசுக்கு மாற்றித் தரும் புரொபேட் கோர்ட்டுக்குப் போக வேண்டும். வக்கீல் கட்டணம் சட்டத்திலேயே இருக்கிறது: முதல் ஒரு லட்சம் டாலருக்கு 4%, அடுத்த லட்சத்துக்கு 3%, அதற்குமேல் பத்து லட்சம் வரை 2%. பத்து லட்சம் டாலர் வீட்டுக்கு 23,000 டாலர். இறந்தவர் சொத்தை நிர்வகிப்பவரும் அதே அளவு கேட்கலாம். வீட்டுக் கடனைக் கழிக்காமல் முழு மதிப்புக்கும் கணக்குப் போடுவார்கள். அதைத் தவிர்க்கத்தான் இங்கே எல்லோரும் டிரஸ்ட் எழுதுகிறோம்.

ஆனால் இதில் வரி மிச்சம் கிடையாது, கடன்காரரிடமிருந்து பாதுகாப்பும் கிடையாது. டிரஸ்ட் எழுதிவிட்டு வீட்டை அதன் பெயருக்கு மாற்ற மறந்தால் அது வெறும் காகிதம். மகளிடம் வீட்டுப் பத்திரம் மாறிவிட்டதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கார்டியன் யார் என்பதைப் பொதுவாக டிரஸ்டில் எழுதுவதில்லை. அதைத் தனியாக உயிலில் எழுதுவதுதான் வழக்கம்.

பழைய பத்திரக்காரர்:

அம்மா, பத்திரம் எழுதும் தொழிலை விட்டு வீட்டில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இங்கும் எழுதலாம். 1882-ம் வருட டிரஸ்ட் சட்டம் இருக்கிறது. ரத்து செய்யும் உரிமையைப் பத்திரத்திலேயே வெளிப்படையாக வைத்துக்கொண்டால் பிறகு ரத்து செய்யலாம். வீடு, நிலம் என்றால் பதிவு செய்தே ஆக வேண்டும். வருமான வரியில் அந்த வாடகை உங்கள் வருமானமாகவேதான் கணக்காகும். முத்திரைத்தாள் செலவையும் யோசியுங்கள். குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட், அதாவது உயிரோடு இருக்கும்போதே சொத்தைக் கொடுத்துவிடும் பத்திரம், எழுதினால் 1%, அதிகபட்சம் 40,000 ரூபாய் என்ற சலுகை உண்டு. டிரஸ்டுக்கும் அது வரும் என்று நினைத்து எழுதிவிடாதீர்கள். முதலில் சார்பதிவாளர் ஆபீஸில் கேளுங்கள்.

இவ்வளவும் எதற்கு? மகள் பயப்படுவது புரொபேட்டுக்கு. உயிலுக்குப் புரொபேட் வாங்கியே தீர வேண்டும் என்ற விதி சென்னை மாதிரி நகரங்களுக்கு இருந்தது, மதுரைக்கு இருந்ததே இல்லை. இல்லாத பாம்புக்கு எதற்குக் கம்பு? இரண்டு சாட்சி வைத்து உயில் எழுதிப் பதிவு செய்யுங்கள். நினைத்தபோது மாற்றலாம். செட்டில்மெண்ட் அப்படியில்லை, எழுதிக் கொடுத்தால் கொடுத்ததுதான். “இப்பவே எழுதிக் கொடுத்துருங்க” என்று அவசரப்படுத்தும் சொந்தக்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்துவது அந்தக் கடைகள்தான். அவை உங்களுடையவை என்று நினைக்கிறீர்களா? அவர் உயில் இல்லாமல் போனதால் நீங்கள், மகள், மகன் மூவருக்கும் சமபங்கு. ஒன்று கேட்கிறேன், 2019-ல் உங்கள் மாமியார் உயிரோடு இருந்தாரா?

கே.கே.நகர் அம்மா:

இருந்தார்கள் சார். 2021-ல் இறந்தார்கள். மாமனார் அதற்கு முன்பே போய்விட்டார். ஒரே ஒரு நாத்தனார், திண்டுக்கல்லில் இருக்கிறார். மாமியாரும் உயில் எழுதவில்லை. இதற்கும் கடைக்கும் என்ன சம்பந்தம்?

பழைய பத்திரக்காரர்:

சம்பந்தம் இருக்கிறது அம்மா. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் இறந்தவரின் தாயாரும் முதல் வகுப்பு வாரிசு. அதனால் கடைகள் நான்கு பங்கு, மாமியாருக்குக் கால் பங்கு. அவர் போனபின் அந்தக் கால் பங்கில் பாதி நாத்தனாருக்கு, பாதி முன்பே இறந்த மகனின் பிள்ளைகளுக்கு. மருமகளுக்கு அதில் பங்கில்லை. பதினாறாக வைத்துப் பார்த்தால் உங்களுக்கு 4, மகளுக்கு 5, மகனுக்கு 5, நாத்தனாருக்கு 2. நீங்கள் உயிலோ டிரஸ்டோ எழுத முடிவது அந்த 4-க்கு மட்டும்தான்.

நாத்தனாரோடு பேச்சு வார்த்தை நன்றாக இருக்கும்போதே, தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் வாங்குங்கள். அவர் பிள்ளைகள் காலத்துக்குப் போனால் ஆறு கையெழுத்து தேடணும். மகள் தன் பங்கை விட்டுத்தர நினைத்தால் அங்கிருந்தே பவர் அனுப்பலாம்.

மகன் விஷயம் வேறு. அவனுக்கு 18 தாண்டிவிட்டது, தாய் என்பதால் மட்டும் நீங்கள் அவனுக்காகக் கையெழுத்துப் போட முடியாது. இவனைப் போன்றவர்களுக்காக வந்த 1999-ம் வருட நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி, கலெக்டர் இருக்கும் மாவட்டக் கமிட்டியில் கார்டியன் நியமனத்துக்கு மனு கொடுங்கள். அவன் பங்கை விற்பது பற்றி மட்டும் வக்கீலைக் கேட்காமல் ஒரு அடியும் எடுக்காதீர்கள்.

உங்கள் வீட்டில் டிரஸ்டுக்கு வேலை இருக்கிறது என்றால் அது இவனுக்காகத்தான். உயிலிலேயே எழுதலாம்: எனக்குப் பிறகு கே.கே.நகர் வீடும் கடையில் என் பங்கும் டிரஸ்டில் நிற்க வேண்டும், வாடகையில் மகனின் சாப்பாடு, மருந்து, பார்த்துக்கொள்பவர் சம்பளம் போக வேண்டும், அவன் காலத்துக்குப் பிறகு மகளுக்கு. டிரஸ்டியாக மகளை மட்டும் போடாதீர்கள். ஈ.பி. பில் கட்ட, கடைக்காரர் வாடகை இழுத்தடித்தால் போய் நிற்க உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும். அவருக்குப் பிறகு யார் என்பதையும் எழுதிவிடுங்கள்.

கே.கே.நகர் அம்மா:

பதினாறில் ரெண்டா! நாத்தனாருக்கே இது தெரியாது என்று நினைக்கிறேன். சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துக் கேட்கணும் சார், மறைத்து வாங்க மனசு வராது.

பழைய பத்திரக்காரர்:

சொல்லியே கேளுங்கள் அம்மா. தெரியாமல் போட்ட கையெழுத்தைத்தான் நாளைக்குக் கோர்ட்டில் உடைப்பார்கள். வீட்டுக்காரர், மாமியார் இருவருக்கும் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், கடையின் மூலப்பத்திரம், வில்லங்கம் எடுத்து வைத்துக்கொண்டு திண்டுக்கல் போங்கள்.