விலங்குக் காப்பகத்தில் கோடை முகாம்: அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். ஒரு விலங்குக் காப்பகத்தின் கோடை முகாமில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்திருக்கிறேன். என் பொறுப்பில் 12 பேர், எல்லாரும் எட்டு, ஒன்பது வயதுக்காரர்கள். விளையாட்டு, கைவேலை எல்லாம் சமாளித்துவிடலாம். நாய்கள் இருக்கும் பக்கம் போகும்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

நேற்று ஒரு சிறுமி ஒரு நாயைக் கட்டிப்பிடிக்கப் போனாள். அது வாலை ஆட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் உதட்டை நக்கி நக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டது. கண் ஓரத்தில் வெள்ளை தெரிந்தது. பயந்துபோயிருக்கிறது என்று புரிந்து, அவளை மெதுவாகப் பின்னால் அழைத்துக்கொண்டேன். வாலாட்டினாலே நாய்க்குச் சந்தோஷம் என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அவர்களைப் பயமுறுத்தாமல் இதை எப்படிச் சொல்லித் தருவது? படம், விளையாட்டு ஏதாவது பயன்படுத்தியிருக்கிறீர்களா?

இப்போதைக்குக் கூண்டுக்கு வெளியே பக்கவாட்டில் உட்கார்ந்து, நாய்களுக்குக் கதை வாசிக்கச் சொல்கிறேன். மூலையில் ஒடுங்கியிருந்த ஒரு நாய் மூன்றாம் நாள் கம்பி ஓரம் வந்து படுத்தது!

அப்புறம், குட்டிகளைத் தொட ஆசைப்படுகிறார்கள். குட்டிகளின் உயிருக்கே ஆபத்தான வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ வைரஸ் கையிலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு போகும் என்பதால், தடுப்பூசி முடியாத குட்டிகளிடம் விடுவதில்லை. சரிதானே?

இன்னொன்று. பழகிய நாயை யாராவது தத்தெடுத்துப் போய்விட்டால், மறுநாள் அழும் பிள்ளையிடம் என்ன சொல்வீர்கள்?