[கலைச்சொல்] கரைசலை 'ஸ்டாண்டர்டைஸ்' செய்ய ஒரு தமிழ் வினை வேண்டும் (அவசரம்)

கையேட்டு மொழிபெயர்ப்பாளர், கோவை

அனைவருக்கும் வணக்கம்.

கல்லூரி முதலாண்டு வேதியியல் ஆய்வகக் கையேடு வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் மட்டும் இன்னும் இடறுகிறது. டைட்ரேஷனுக்கு, அதாவது ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு வினை முடியும் அளவைக் கொண்டு செறிவு காண்பதற்கு, நம் பாடநூல்கள் 'தரம் பார்த்தல்' என்கின்றன. ஸ்டாண்டர்டைசேஷனுக்கும் பல இடங்களில் அதையே எழுதுகிறோம், சில இடங்களில் 'தரப்படுத்துதல்' என்கிறோம். மூன்றாம் பயிற்சியில் இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் வந்து நிற்கின்றன:

"சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைப் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டைக் கொண்டு தரம் பார்க்கவும். பிறகு அக்கரைசலைக் கொண்டு வினிகரைத் தரம் பார்க்கவும்."

முதல் வரியில், எடை தெரிந்த திண்மத்தை வைத்துக் காரக் கரைசலின் செறிவைக் கண்டுபிடிக்கிறோம். இரண்டாம் வரியில், அந்தச் செறிவை நம்பி வினிகரில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று கணக்கிடுகிறோம். படிக்கிறவருக்கு இரண்டும் ஒரே வேலையாகத் தெரிகிறது. தராசுக்கும் பிஎச் மீட்டருக்கும் 'அளவுத்திருத்தம்' என்று போட்டுவிட்டேன், அதில் சிக்கல் இல்லை. இதற்கு மட்டும் சொல் தாருங்கள்.

வேதியியல் ஆசிரியர், மதுரை

> படிக்கிறவருக்கு இரண்டும் ஒரே வேலையாகத் தெரிகிறது

உண்மை. இதனால் மதிப்பெண் மட்டும் போவதில்லை, கணக்கே தப்பாகிறது. சொல் தேடும் முன் செயலைச் சொல்லிவிடுகிறேன்.

சோடியம் ஹைட்ராக்சைடு 4 கிராம் எடுத்து ஒரு லிட்டராக்கினால் 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) என்று கணக்கு சொல்லும். ஆனால் அந்த வில்லைகள் தராசில் இருக்கும்போதே மேல் பளபளத்து ஈரம் கோத்துக்கொள்ளும். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடையும் வாங்கி மேலே கார்பனேட் பூத்திருக்கும். ஆகவே 4 கிராம் என்று தராசு காட்டுவது முழுக்க ஹைட்ராக்சைடு அல்ல. நான்கு தசமம் காட்டும் தராசில் நிறுத்தாலும் பயனில்லை.

தாலேட் உப்பு அப்படியில்லை. தூய்மையாகக் கிடைக்கும், ஈரம் வாங்காது, மோலார் நிறை 204.22 என்பதால் நிறுப்பதில் வரும் சிறு பிழை பெரிதாகத் தாக்காது. 110 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் உலர்த்தி, உலர்த்திக் கலத்தில் ஆறவைத்து, ஏறத்தாழ 0.51 கிராம் எடுத்துத் துல்லியமாக நிறுத்து, கூம்புக் குடுவையில் போட்டு, கொதிக்கவைத்து ஆற்றிய நீர் 50 மி.லி. விட்டுக் கரைக்க வேண்டும். கொதிக்கவைப்பது நீரில் கரைந்திருக்கும் கார்பன் டைஆக்சைடை வெளியேற்ற. நிறங்காட்டியாகப் பினாப்தலீன் இரண்டு சொட்டு. பியூரெட்டிலிருந்து (அளவுக்கோடுகளும் அடியில் திருகும் உள்ள குழாய்) காரத்தை விட்டுக்கொண்டே வந்தால், மிக வெளிர்ந்த இளஞ்சிவப்பு 30 நொடி நிலைக்கும் இடம் முடிவுநிலை. அடர் சிவப்பு வந்துவிட்டால் தாண்டிவிட்டோம் என்று பொருள், அந்த அளவீட்டைத் தள்ளிவிட வேண்டும்.

0.5106 கிராம் என்றால் 0.002500 மோல். பியூரெட் 24.60 மி.லி. காட்டினால் செறிவு 0.1016 மோலார். இந்த நான்காம் இலக்கத்தைப் பெறும் செயலுக்குத்தான் பெயர் தேடுகிறோம். கரைசலின் 'தரம்' இங்கே உயரவும் இல்லை, தாழவும் இல்லை. ஆகவே 'தரப்படுத்துதல்' கூடாது. என் பரிந்துரை: செறிவறிதல்.

ஆசிரியை, யாழ்ப்பாணம்

மதுரை ஆசிரியர் விளக்கியதை ஏற்கிறேன். 'தரப்படுத்தல்' எங்களுக்கு வேறொரு காரணத்தாலும் ஆகாது. 1970களின் தொடக்கத்தில் இலங்கைப் பல்கலைக்கழக அனுமதியில் கொண்டுவந்த ஏற்பாட்டின் பெயரே தரப்படுத்தல். தமிழ்மொழி மூல மாணவர் கூடிய புள்ளி எடுத்தால்தான் இடம் என்றிருந்தது. அந்தச் சொல் எங்கள் காதில் விழும் விதம் வேறு.

எங்கள் பாடத்திட்டத்தில் ஸ்டாண்டர்ட் கரைசல் (செறிவு தெரிந்த கரைசல்) என்பது நியமக் கரைசல், டைட்ரேஷன் என்பது நியமிப்பு. அந்தத் தொடரிலேயே நியமங்காணல் என்று வைக்கலாம். நியமம் தெரியாத கரைசலுக்கு நியமம் காண்கிறோம். பிள்ளைகளுக்கு ஒரு வேரிலிருந்து மூன்று சொல் கிடைக்கும்.

'செறிவறிதல்' பொதுப்படையாக இருக்கிறது. வினிகரின் செறிவை அறிவதும் செறிவறிதல்தானே? கோவை நண்பர் கேட்ட வேறுபாடு மீண்டும் அழிந்துபோகிறது.

தமிழ்த்துறை, தஞ்சாவூர்

அன்பர்களே, நம்மிடம் இதற்குப் பழைய தொழிற்சொல்லே இருக்கிறது. பொற்கொல்லர் பட்டறையைப் பாருங்கள். தங்கத்தின் தூய்மை *மாற்று*. பத்தரைமாற்றுத் தங்கம் என்பது இன்றும் வழக்கு. மாற்று அறிய உரைகல்லில் உரைப்பார்கள். பக்கத்தில், மாற்று இன்னதென முன்பே தெரிந்த ஓர் ஊசியையும் உரைத்து இரண்டு கோட்டையும் ஒப்பிடுவார்கள். அந்த ஊசிக்குப் பெயர் *உரையாணி*. தாலேட் உப்பு செய்கிற வேலை உரையாணியின் வேலையே! தன் தூய்மை ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்திருக்க, பக்கத்தில் நின்று மற்றொன்றின் அளவைச் சொல்கிறது.

எனவே தாலேட் போன்ற ஒப்பீட்டுப் பொருளை, பாடநூல் சொல்லும் முதன்மைத் திட்டப்பொருளை, ஆணிப்பொருள் என்போம். ஆணிப்பொன் என்ற சொல்லாட்சி துணை நிற்கும். ஸ்டாண்டர்டைசேஷன் உரைகாணல் ஆகட்டும். உரைகல்லுக்கு மறுபெயர் கட்டளைக்கல். "தத்தம் கருமமே கட்டளைக் கல்" என்ற 505ஆம் குறளில் நிற்பது அந்தக் கல்லே.

இன்னும் ஒன்று. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் பொன்னை 'ஆடவல்லான் என்னும் கல்லால்' நிறுத்ததாக வரும், மணிகள் பதித்த நகைகளுக்குத் 'தட்சிணமேரு விடங்கன் என்னும் கல்'. எந்தக் கல்லால் நிறுத்தோம் என்பதையும் நிறையோடு சேர்த்துப் பொறித்து வைத்தார்கள். எதைக் கொண்டு செறிவு கண்டோம் என்று ஆய்வகத்தில் குப்பி ஒட்டுச்சீட்டில் எழுதுகிறீர்களே, அதே ஒழுக்கம் ஆயிரம் ஆண்டுக்கு முன் கல்லில் இருக்கிறது.

'நியமங்காணல்' வடசொல் அடியாகப் பிறந்தது. தமிழில் வேர் இருக்கும்போது அது எதற்கு?

ஆசிரியை, யாழ்ப்பாணம்

> தமிழில் வேர் இருக்கும்போது அது எதற்கு?

ஐயா, அமிலமும் வடசொல்தான். அதை விட்டுக் 'காடி' என்று எழுதினால் வினிகரும் காடி, அதிலுள்ள அமிலமும் காடி. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் கிறீன் 1875இலேயே வேதியியல் நூலைத் தமிழில் தந்தபோது அதற்குக் 'கெமிஸ்தம்' என்றே பெயர் வைத்தார். தூய்மை பார்த்திருந்தால் அந்த நூல் வந்திராது. விளங்குவது முதல், வேர் பிறகு.

'உரைகாணல்' என்று படிக்கிற பிள்ளை உரையாசிரியரைத்தான் நினைக்கும்.

தரக்கட்டுப்பாட்டு ஆய்வகம், ஓசூர்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வேலையிடத்தில் வாயில் வருவது 'ஸ்டாண்டர்டைஸ் பண்ணியாச்சா?' மட்டும்தான். தமிழ்ச் சொல் எதுவானாலும் ஏற்பேன், ஆனால் அது குப்பியின் ஒட்டுச்சீட்டில் உட்கார வேண்டும். சீட்டில் இருப்பது இவ்வளவு: கரைசலின் பெயர், செறிவு, தயாரித்த நாள், *ஸ்டாண்டர்டைஸ் செய்த நாள்*, எதைக் கொண்டு, செய்தவர் ஒப்பம். சாய்வெழுத்தில் இருப்பதை உங்கள் சொல்லால் நிரப்பிப் பாருங்கள்.

'உரைகண்ட நாள்': யாரோ பேசிய நாள் போல இருக்கிறது. 'செறிவறிந்த நாள்': படிக்க எளிது. 'நியமங்கண்ட நாள்': தமிழ்நாட்டில் நியமனம் என்றால் வேலை ஆணை. எதிர்மறையும் வேண்டும், ஏனெனில் ஆபத்து அங்கேதான். ஸ்டாண்டர்டைஸ் *செய்யாத* குப்பியை எடுத்து 0.1000 என்று நம்பிக் கணக்குப் போட்டால் அன்றைய முடிவுகள் எல்லாமே வீண்.

நாள் ஏன் முக்கியம் என்பதையும் கையேட்டில் எழுதுங்கள். காரக் கரைசல் காற்றுப் பட்டுச் செறிவு குறைந்துகொண்டே போகும். பாலித்தீன் குப்பியில் வைக்க வேண்டும். கண்ணாடி மூடி போட்ட கண்ணாடிக் குப்பியில் வைத்தால் மூடி கடித்துக்கொள்ளும், அதைத் திருகித் திறக்கும்போது கழுத்து உடைந்து கையைக் கிழிக்கும். கண்ணாடித் திருகு உள்ள பியூரெட்டில் காரத்தை விட்டுவிட்டுப் போனாலும் இதே கதி. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுக்குப் பழுப்புக் குப்பி. அதைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, கண்ணாடிப் பஞ்சில் வடிகட்டிய பிறகே ஆக்சலேட்டால் ஸ்டாண்டர்டைஸ் செய்வோம். வடிதாள் ஆகாது, தாளோடு அது வினைபுரியும்.

வேதியியல் ஆசிரியர், மதுரை

ஓசூர் நண்பரின் சீட்டுச் சோதனை மிகச் சரியானது. பெர்மாங்கனேட் பேச்சு வந்ததால் ஒன்று: ஆக்சலேட் கரைசலைக் கந்தக அமிலம் சேர்த்து 60 முதல் 70 டிகிரிக்குச் சூடாக்கச் சொல்லும் வரியில், முதல் சில சொட்டுகளின் நிறம் மெதுவாகவே போகும் என்று சேர்த்துவிடுங்கள். மாங்கனீசு அயனி உண்டானபின் அதுவே வினையூக்கியாகி வேகம் பிடிக்கும். இது தெரியாதவர் முதல் சொட்டிலேயே முடிவுநிலை வந்துவிட்டது என்று நிறுத்திவிடுவார். பியூரெட்டில் அடர்நிறம் என்பதால் பிறைத்தளத்தின் (கரைசலின் வளைந்த மேற்பரப்பின்) மேல்விளிம்பைப் பார்க்க வேண்டும், மற்றக் கரைசல்களுக்குக் கீழ்விளிம்பு.

கையேட்டு வரைவை முழுக்கப் படித்ததில், சொல்லைவிட அவசரமான ஒன்று கண்ணில் பட்டது. ஏழாம் பக்கம்: "அடர் கந்தக அமிலத்துடன் நீரைச் சேர்த்து நீர்க்கச் செய்க." இதை மாற்றியே ஆக வேண்டும். '-உடன்' எது முன்பே கலத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லாது, சொன்னாலும் இங்கே தலைகீழாகச் சொல்கிறது. அடர் அமிலத்தின் அடர்த்தி 1.84. மேலே ஊற்றிய நீர் மிதந்து, அந்த இடத்திலேயே கொதித்து, அமிலத்தோடு முகத்தில் தெறிக்கும். "பீக்கரில் முதலில் நீரை எடுக்கவும். அமிலத்தை அந்த நீருக்குள், கண்ணாடிக் கோலால் கலக்கியபடி, சிறிது சிறிதாக ஊற்றவும்." இரண்டாம் வேற்றுமை '-ஐ', ஏழாம் வேற்றுமை '-உள்'. வேற்றுமை உருபு பிசகினால் கண் போய்விடும்.

கையேட்டு மொழிபெயர்ப்பாளர், கோவை

ஏழாம் பக்கத்தை இப்போதே திருத்திவிட்டேன். மிக்க நன்றி ஐயா. பிற பக்கங்களிலும் '-உடன் சேர்' என்று வரும் இடங்களைத் தேடினேன், பதினொன்று இருந்தன. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 8.3 மி.லி. எடுத்து லிட்டராக்கும் இடமும் அதில் ஒன்று. எல்லாவற்றையும் 'நீருக்குள்' என்று மாற்றுகிறேன்.

சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளைத் திட்டக் குடுவையிலேயே (கழுத்தில் அளவுக்கோடு உள்ள குடுவை) போட்டுக் கரைக்கச் சொல்லும் வரியையும் எடுத்துவிடலாமா?

வேதியியல் ஆசிரியர், மதுரை

எடுத்துவிடுங்கள். கரையும்போது நன்றாகச் சுடும். குடுவையின் கோடு அதில் பொறித்திருக்கும் வெப்பநிலைக்கு, 20 அல்லது 27 டிகிரிக்கு, உரியது. பீக்கரில் கரைத்து, அறை வெப்பநிலைக்கு ஆறவிட்டு, குடுவைக்கு மாற்றி, பீக்கரை மூன்று முறை சிறிது நீரால் அலசி அலசிய நீரையும் சேர்த்து, கடைசியில் சொட்டு சொட்டாகக் கோடு வரை. சூட்டோடு கோடு வரை நிரப்பினால் ஆறியதும் மட்டம் இறங்கிவிடும்.

தமிழ்த்துறை, தஞ்சாவூர்

'உரைகாணல்' மயக்கம் தரும் என்பதை ஏற்கிறேன். 'ஆணிப்பொருளை' விடமாட்டேன்.

செறிவு என்ற சொல்லின் பெருமையை யாரும் சொல்லவில்லை. தண்டியலங்காரம் சொல்லும் பத்துக் குணங்களில் முதல் மூன்று: செறிவு, தெளிவு, சமநிலை. செறிவு அங்கே நெகிழாத நடை. மூன்றும் இன்று வேதியியல் பாடநூலில் இருக்கின்றன! ஆகவே செறிவை அடியாக வைப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் 'அறிதல்' மெலிது. ஐயத்துக்கு இடமின்றி நாட்டுவதை நிறுவுதல் என்போம். செறிவு நிறுவல்.

தரக்கட்டுப்பாட்டு ஆய்வகம், ஓசூர்

சீட்டில் போட்டுப் பார்த்தேன். 'செறிவு நிறுவிய நாள்'. 'செறிவு நிறுவாத கரைசல்'. 'தாலேட் கொண்டு செறிவு நிறுவுக'. மூன்றும் நிற்கின்றன. மென்பொருள் நிறுவுவது ஞாபகம் வருகிறது, ஆனால் குப்பியைப் பார்த்து யாரும் அப்படிக் குழம்பமாட்டார்கள்.

வேதியியல் ஆசிரியர், மதுரை

'செறிவறிதலை' விட்டுக்கொடுக்கிறேன். வரையறையில் இதைச் சேருங்கள்: கணக்கிட்ட செறிவு ஒன்றோடொன்று ஒத்துவரும் மூன்று அளவீடு கிடைத்தால்தான் நிறுவியதாகக் கொள்ள வேண்டும். ஒரே அளவீட்டை வைத்து எழுதுவது நிறுவல் ஆகாது. மூன்றும் ஒத்துவரவில்லை என்றால் முதலில் பியூரெட் நுனியில் காற்றுக்குமிழி இருக்கிறதா, புனலை எடுக்காமல் விட்டோமா, நீரால் கழுவிய பியூரெட்டைக் கரைசலால் அலசினோமா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கையேட்டு மொழிபெயர்ப்பாளர், கோவை

நேரமில்லை. நால்வர் 'செறிவு நிறுவல்' பக்கம் நிற்பதால் அதையே போடுகிறேன். டைட்ரேஷன் 'தரம் பார்த்தல்' என்றே இருக்கும், அதை மாற்றினால் பாடநூலோடு முரணும். 'ஆணிப்பொருள்' அழகாக இருக்கிறது, ஆனால் தேர்வில் 'முதன்மைத் திட்டப்பொருள்' என்றுதான் கேட்பார்கள். அடிக்குறிப்பில் வைக்கிறேன், தஞ்சை ஐயா பொறுத்தருள வேண்டும்.

ஆசிரியை, யாழ்ப்பாணம்

கையேடு தமிழ்நாட்டுக்கு என்பதால் பெரும்பான்மை முடிவைத் தடுக்கவில்லை. ஆனால் என் கருத்து மாறவில்லை. ஸ்டாண்டர்ட் கரைசலுக்குத் 'திட்டம்', ஸ்டாண்டர்டைசேஷனுக்கு 'நிறுவல்', டைட்ரேஷனுக்குத் 'தரம்' என்று மூன்று வேரில் மூன்று சொல் கற்பிக்கிறீர்கள். நாங்கள் ஒரு வேரில் கற்பிக்கிறோம். என் வகுப்புக் குறிப்பில் நியமங்காணல் என்றே எழுதுவேன்.

சொற்பட்டியலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். பியூரெட்டுக்குப் பக்கத்தில் அளவி, பிப்பெட்டுக்குப் பக்கத்தில் குழாயி. உங்கள் 'காரம்' எங்கள் 'மூலம்' என்பதையும் சேருங்கள். எங்களுக்குக் காரம் என்றால் நீரில் கரையும் மூலம் மட்டுமே.

குழாயியை வாயால் உறிஞ்சக் கூடாது, இறப்பர்க் குமிழ்தான் பாவிக்க வேண்டும் என்ற வரி வரைவில் எங்கும் இல்லை. அச்சுக்குப் போகுமுன் முதல் பக்கத்திலேயே அதைச் சேர்த்துவிடுங்கள்.