வீல்சேர் ஆட்டக்காரர்களும் சப்ளிமென்ட் டப்பாக்களும்: உங்கள் அனுபவம் என்ன?

சென்னை, கூடைப்பந்து, டி10 காயம் (நடுமுதுகுத் தண்டுவடத்தில்):

டீமுக்குப் புதிதாக வரும் தம்பிகள் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, எந்தப் பவுடர் வாங்கலாம்?" நான் சொல்வதற்குள் ஜிம்மில் யாராவது சொன்னதை வாங்கிவிடுகிறார்கள். நம் உடம்பில் அது என்ன செய்கிறது என்பதை நாம்தான் பேச வேண்டும்.

நான் பார்த்த டயட்டீஷியன் மேடம் முதலில் பவுடர் பேச்சையே எடுக்கவில்லை. தினமும் என்ன சாப்பிடுகிறேன், எத்தனை மணிக்குக் கத்தீட்டர் (சிறுநீர்க் குழாய்) போடுகிறேன், மோஷன் எப்படி என்று விசாரித்தார். அப்புறம் என் புரோட்டீன் டப்பாவைத் திருப்பிப் பார்த்து, "இது காலால் ஓடுகிறவருக்குப் போட்ட கணக்கு. உங்களுக்குக் கால் தசை மெலிந்திருக்கு, கலோரி அவ்வளவு செலவாகாது. எடை ஏறினால் அதையும் தள்ளப்போவது உங்கள் தோள்தான்" என்றார். அதில் போட்டிருந்த அளவில் பாதி, அதுவும் பயிற்சி நாளில் மட்டும். மீதிக்கு முட்டை, சுண்டல், தயிர். தோள் போனால் நமக்கு ஆட்டம் மட்டுமா போகும்? கட்டிலிலிருந்து வண்டிக்கு மாறுவதும் போச்சு.

ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 20-க்குக் கீழே இருந்தது. டாக்டர் வாரம் ஒரு 60,000 யூனிட் சாஷே எழுதிக்கொடுத்து, சில மாதம் கழித்து மறுபடி சோதித்தார். ஷாட் கூடியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் காலில் எடை தாங்காத நமக்கு எலும்பு ஏற்கெனவே மெலிகிறது. அதற்காகவாவது எல்லோரும் இந்தச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

தசை வலுவுக்கென்று விற்கும் கிரியாட்டின் பவுடர் பற்றியும் கேட்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் நாட்வில் என்ற ஊரில் உள்ள தண்டுவடக் காய மையத்தார் 2006-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வீல்சேர் ரேஸர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்ததில் 800 மீட்டர் நேரம் குறையவில்லை. நானும் அதில் காசு போடவில்லை.

கோவை, ரேஸிங்:

அண்ணா, தெம்பு கூடும் என்று பீட்ரூட் சாறு குடிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எங்கள் குழுவில் ஒரு தம்பி மாலையில் ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் படுத்தான். காலையில் யூரின் பேக் முழுக்கச் சிவப்பு. ரத்தம் என்று நினைத்து அம்மாவும் அவனும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். சோதித்துப் பார்த்து, பீட்ரூட் நிறம்தான் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்காகச் சிவப்பைப் பார்த்தால் பீட்ரூட் என்றே விட்டுவிடாதீர்கள். நமக்குச் சிறுநீர்த் தொற்று அடிக்கடி வரும், காய்ச்சலும் சேர்ந்தால் உடனே காட்டுங்கள்.

காபி எனக்கு உதவுகிறது, பயிற்சியிலேயே பார்த்துவிட்டேன். ஆனால் காஃபீன் மாத்திரை போட்ட நாளில் கால் ஸ்பாஸம் (தசை தானாக இழுப்பது) அதிகமாகி, ஸ்ட்ராப்பை இறுக்க வேண்டியிருந்தது. சிறுநீரும் சீக்கிரம் நிறைகிறது. அதனால் ஒரு காபியோடு சரி.

மதுரை, வீல்சேர் ரக்பி, சி6 காயம் (கழுத்துத் தண்டுவடத்தில்):

காபி என்னை அவ்வளவாக உசுப்புவதில்லை. காயம் கழுத்தில் இருந்தால் அட்ரினலின் சரியாகச் சுரக்காது என்று எங்கள் டாக்டர் விளக்கினார். பயிற்சிக்கு முன் குடிக்கும் பிரீ-ஒர்க்அவுட் பவுடர் எடுத்த நண்பருக்கோ கைநடுக்கமும் தூக்கக்கேடும்தான் மிச்சம்.

எலக்ட்ரோலைட் (உப்புச்சத்து) பாக்கெட்டும் எங்களுக்குப் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. கழுத்துக் காயத்தால் எங்களுக்குச் சரியாக வியர்ப்பதில்லை, வியர்த்தால்தானே உப்பு போகும்? வியர்க்காததால் உடம்புச் சூடு இறங்குவதில்லை, அதுதான் ஆபத்து. செடிக்குத் தண்ணீர் அடிக்கிற ஸ்பிரே பாட்டிலில் ஐஸ் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு இடைவேளையிலும் முகத்திலும் கையிலும் அடிக்கிறோம். எந்த டப்பாவும் எனக்கு இந்த அளவு உதவியதில்லை.

சென்னை, கூடைப்பந்து:

அருமை தம்பி, ஸ்பிரேயை எங்கள் டீமிலும் சொல்கிறேன். மாநில, தேசியப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. காஃபீன் 2004 முதல் ஊக்கமருந்துத் தடைப்பட்டியலில் இல்லை, கிரியாட்டினுக்கும் தடையில்லை. ஆனால் லேபிளில் எழுதாத ஊக்கமருந்து ஏதாவது கலந்திருந்து சோதனையில் அகப்பட்டால் பதில் சொல்ல வேண்டியது நாம்தான், கடைக்காரர் இல்லை. ஊக்கமருந்துச் சோதனை செய்த பேட்ச் என்று முத்திரை உள்ளதை மட்டும் வாங்குங்கள். டப்பாவையும் பில்லையும் பத்திரமாக வையுங்கள்.