டெட்லிஃப்ட் முடித்ததும் சுகர் ஏறுகிறது, வெயிட்டை விட்டுவிடவா?

மதுரை_தண்டால்:
வயது 47, டைப் 2 சர்க்கரை நோய். மெட்ஃபார்மின் இரண்டு வேளை, காலை டிபனோடு கிளிமிபிரைடு 1 மி.கி. கடைசி எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் டெஸ்ட்) 7.1. காலை ஐந்தரைக்கு வெறும் வயிற்றோடு ஜிம்முக்குப் போகிறேன். டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கும் வெயிட் கம்பியைத் தூக்கி நிமிர்வது) இப்போது 110 கிலோ, ஐந்து ரெப்ஸ், அதாவது தொடர்ந்து ஐந்து முறை. வாக்கிங் போய் வந்தால் சுகர் முப்பது நாற்பது இறங்குகிறது. டெட்லிஃப்ட் அன்றைக்கோ போகும்போது 138, முடித்ததும் 191. "உடம்பு வேண்டாங்குது, பேசாம நடங்க" என்கிறார் வீட்டம்மா. டாக்டர் 'எக்சர்சைஸ் பண்ணுங்க' என்பதோடு சரி. விட்டுவிடவா?

ஸ்குவாட்_செல்வி:
விடாதீர்கள் அண்ணா. நான் டைப் 1, பள்ளியில் படிக்கும்போதே வந்தது. பவர்லிஃப்டிங் செய்கிறேன். கனமான ஸ்குவாட் (வெயிட்டைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) முடித்தால் எனக்கு 220 வரை போகும்.

கனம் தூக்கும்போது அட்ரினலின் பொங்குகிறது. அதன் சொல் கேட்டு, சேர்த்து வைத்த சர்க்கரையைக் கல்லீரல் ரத்தத்தில் கொட்டுகிறது. நடக்கும்போது தசை அதை விடாமல் செலவழித்துவிடும். ஐந்து ரெப்ஸில் அவ்வளவு செலவாகாது, அதனால் மீட்டர் ஏறுகிறது. இரண்டு மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள், பெரும்பாலும் தானாக இறங்கியிருக்கும். அந்த 220-ஐப் பார்த்து நான் கூடுதல் இன்சுலின் போடுவதே இல்லை. போட்டால் பிறகு பாதாளம்தான். வெயிட் முடித்துக் கால் மணி நேரம் மெதுவாக நடந்தால் போதும்.

என் கவலை அந்த 191 இல்லை, அதற்குப் பிறகு வருவது. காலியான தசை அடுத்த ஒரு நாள், சில சமயம் அதற்கு மேலும் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் லோ சுகர் அபூர்வம். கிளிமிபிரைடு அப்படியில்லை, கணையத்தைத் தட்டி இன்சுலின் சுரக்க வைக்கும் மாத்திரை. டிபனோடு அதைப் போடுகிறீர்கள் என்றால் ஜிம் நாட்களில் பத்து மணிக்கு மேல் எப்படி இருக்கிறது?

இன்னொன்று, கையைக் கழுவிவிட்டு விரலைக் குத்துங்கள். வாழைப்பழம் உரித்த விரலில் குத்திவிட்டு 260 என்று அலறியவர்கள் எங்கள் ஜிம்மிலேயே உண்டு.

திண்டுக்கல்_பெரியவர்:
தம்பி, கண்ணைக் காட்டினீர்களா? கண்ணில் மருந்து விட்டுப் பாப்பாவை விரித்துப் பார்க்கும் விழித்திரைப் பரிசோதனையைச் சொல்கிறேன். மூச்சை அடக்கிக் கனம் தூக்கினால் பிரஷர் சட்டென்று எகிறும். விழித்திரையில் புதிதாக முளைத்த ரத்தக் குழாய்கள் இருந்தால் கசிந்துவிடலாம். எனக்கு லேசர் வைத்திருக்கிறார்கள், அதனால் கனத்துக்குத் தடை. இப்போது சின்ன வெயிட், கூடுதல் ரெப்ஸ், தூக்கும்போது மூச்சை வெளியே விடுவது என்று ஓடுகிறது. பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தால் வெறுங்காலில் டெட்லிஃப்ட் வேண்டாம். வெயிட் தட்டு இடித்துப் புண்ணானாலும் தெரியாது.

மதுரை_தண்டால்:
இருவருக்கும் நன்றி. இன்று அளந்தேன். முடித்ததும் 187, இரண்டு மணி நேரம் கழித்து 124. டிபன் நான்கு இட்லி. செல்வி கேட்டது சரிதான், ஜிம் நாட்களில் பதினொரு மணிவாக்கில் கை நடுங்குகிறது, வேர்க்கிறது. ஆபீஸ் டீ குடித்தால் அடங்குகிறது. லோ சுகர்தானா இது? கண் பரிசோதனைக்கு வியாழக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன், ஐயா.

ஸ்குவாட்_செல்வி:
அதுவாகத்தான் தெரிகிறது. அடுத்த முறை நடுக்கம் வந்ததும் டீக்கு முன் மீட்டரை எடுங்கள். 70-க்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோஸ் பவுடர் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்ப அளக்க வேண்டும். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பால் சர்க்கரை ஏற நேரமாகும். அளக்க வழியில்லாத இடத்தில் நடுங்கினால் முதலில் குடித்துவிடுங்கள்.

பிபிக்கு மாத்திரை போடுகிறீர்களா? பீட்டா பிளாக்கர் வகை என்றால் இந்தப் படபடப்பும் நடுக்கமும் வெளியே தெரியாமல் மறைந்துவிடும். வேர்வை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

ஜிம்முக்கு முன், முடித்ததும், டிபனுக்கு முன், பதினொரு மணி, இந்த நான்கையும் நோட்டில் எழுதி டாக்டரிடம் நீட்டுங்கள். கிளிமிபிரைடைக் குறைக்க வேண்டுமா, வேறு மாத்திரைக்கு மாற்ற வேண்டுமா என்பது அவர் சொல்ல வேண்டியது, நீங்களாக நிறுத்தாதீர்கள். அதுவரை 110-லேயே நில்லுங்கள், 120 எங்கும் ஓடிப்போகாது.

மதுரை_தண்டால்:
பிபி மாத்திரை இல்லை. வீட்டம்மாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டினேன். "சரி, குளுக்கோஸ் பாக்கெட்டை நானே பையில் வைக்கிறேன்" என்கிறார்.